பார்த்தது இவ்வளவுதான்

கோர்ட் செய்தி எழுதுகிறவனைத் தேடி ஆட்கள் வருவதற்கு என்று ஒரு நேரம் உண்டு. காலை பதினொன்றரை மணி. முதல் சுற்று வாய்தாக்கள் முடிந்து வக்கீல்கள் டீ குடிக்க வெளியே வருவார்கள். திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில் ஒரு தினசரிப் பத்திரிகைக்குக் கோர்ட் நிருபராக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கோர்ட் வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், செய்தி தானாக வரும் என்று எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வரத்தான் செய்தது. வக்கீல்கள் தங்கள் பெயர் வருகிற மாதிரியான கேஸாகப் பார்த்துச் சொல்வார்கள். கட்சிக்காரர்கள் மஞ்சள் பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு வந்து, "சார், இது மட்டும் பேப்பர்ல வந்துச்சின்னா ஊரே ஆடிப்போயிடும் சார்" என்பார்கள். எல்லாருக்கும் அவரவர் கேஸ்தான் உலகத்திலேயே பெரிய அநியாயம். முதல் ஆறு மாதம் நானும் தலையை ஆட்டிக் கேட்டேன். அதற்குப் பிறகு காது மரத்துவிட்டது. வெட்டு, குத்து, ஜீவனாம்சம், வரப்புத் தகராறு எல்லாம் ஒரே குரலில் கேட்க ஆரம்பித்தன. பேனாவைத் திறக்காமலேயே "பாக்கறேங்க" என்று சொல்லி அனுப்பப் பழகிக்கொண்டேன்.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. அங்கே கேஸ் கட்டு தைக்கிற வேலை ஒரு அம்மாவுக்கு. டைப் அடித்த மனுக்களையும் நகல்களையும் ஓரம் தட்டி அடுக்கி, மூன்று துளை போட்டு, நூல் கோத்து, மேலே அட்டை வைத்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. ஊசியை ரவிக்கைத் தோளில் குத்தி வைத்திருப்பார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டாவது வரை படித்தவர். தைத்து முடித்த கட்டை வக்கீலிடம் கொடுக்கக் கோர்ட்டுக்குள் போவார். போனால் உடனே திரும்ப மாட்டார். கதவோரம் நின்று கொஞ்ச நேரம் விசாரணையைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அவர் முதன்முதலில் என்னிடம் பேசியது என் செய்தியில் தப்புக் கண்டுபிடித்துத்தான். அண்ணனைக் கொன்ற தம்பிக்கு ஆயுள் தண்டனை. 'தீர்ப்பைக் கேட்டதும் கூண்டிலேயே கதறி அழுதார்' என்று எழுதியிருந்தேன். மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"சார், இத நீங்கதான எழுதினீங்க?"

"ஆமாங்க."

"அவன் அழல சார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். கண்ண மூடிக்கினான். அப்புறம் தொறந்தான். போலீஸ்காரர் கையப் புடிச்சதும் எறங்கிப் போயிட்டான். நான் பாத்தது இவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்றது. "ஆயுள் தண்டனைன்னா யாருக்கும்மா அழுகை வராது?" என்றேன்.

"வரும் சார். அவனுக்கு வரல."

சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். சண்டை போடுகிற தோரணையே இல்லை. கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி போனார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது வருவார். யாருக்காகவும் சிபாரிசு கிடையாது. இதை எழுதுங்கள் என்று கேட்டதில்லை. பாவம், அநியாயம், கொடுமை என்கிற வார்த்தைகள் அவர் வாயில் வரவே வராது. "இன்னிக்கு மொத கோர்ட்டுல ஒண்ணு பாத்தேன் சார்" என்று ஆரம்பித்து, யார் எங்கே நின்றார், என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று மட்டும் சொல்வார். ஒரு தடவை, "அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூஞ்சி மாதிரிதான் சார் இருந்துது" என்றார். கிண்டல் இல்லை. அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்த செய்தி அவர் கொடுத்ததுதான். ஒரு நாள் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரியவரைக் காட்டினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இவரு ரெண்டு வருஷமா ஒரு வாய்தா விடாம வராரு சார். காலைல வந்து இதே எடத்துல நிப்பாரு. சாயங்காலம் போயிடுவாரு. இவரு ஆஜராகலன்னு இவருக்கே வாரண்ட் போட்டிருக்காங்க."

"அதெப்படிம்மா?"

"கட்டுல இவரு பேரையும் இவங்கப்பா பேரையும் மாத்தி அடிச்சிருக்காங்க. கோர்ட்டுல அப்பா பேர சொல்லித்தான் கூப்பிடறாங்க. அவரு செத்துப்போயி நாளாச்சாம். இவரு தன் பேரக் கூப்பிடுவாங்கன்னு நின்னுக்கினே இருக்காரு. நேத்து அந்தக் கட்டுக்கு அட்ட மாத்தறப்பதான் பாத்தேன்."

போலீஸ் தேடுவதாகச் சொன்ன ஆள் கோர்ட் வராந்தாவிலேயே நின்ற கதை முதல் பக்கத்தில் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்த அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "அவரு தோள்ல இருந்தது பச்சத் துண்டு சார். நீங்க செவப்புன்னு போட்டுட்டீங்க" என்றார்.

ஒரு பசு மாட்டு விஷயத்தில் என்னோடு கோபித்துக்கொண்டார். திருட்டுப்போன பசு ஒன்றை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தன்னுடையது என்று சொன்னதால் கோர்ட் வளாகத்துக்கே ஓட்டிவரச் சொல்லியிருந்தார்கள். விஷயத்தை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்குக்குச் சொன்னேன். "ஏம்ப்பா, பசு சொந்தக்காரனப் பாத்து ஓடிப்போயி நக்குச்சா? அப்படி எதுனா இருந்தா பாக்ஸ் கட்டிடலாம்" என்றார் அங்கே இருந்த சீனியர். நான் ஒரு நொடி யோசித்தேன். "ஆமாண்ணே, ஓடுச்சு" என்றேன். பாக்ஸ் கட்டி, தனிக் கட்டத்துக்குள் வந்தது.

"பசு யாரையும் பாக்கல சார்" என்றார் அந்த அம்மா மறுநாள். "சைக்கிள் ஸ்டாண்டுல கெடந்த வைக்கோலத்தான் பாத்துது. நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

"விடும்மா, மாடுதான."

"மாடுன்னா?"

டீயைக் குடித்தேன். இரண்டு வாரம் அவர் என் பக்கம் வரவில்லை.

இப்படி ஒன்றரை வருடம் பழகியும் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நான் கேட்டதில்லை. ஆட்களைக் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. எனக்குச் செய்தி கொண்டுவந்து தருகிறவர் என்பதால் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் செஷன்ஸ் கோர்ட்டில் வரதட்சணைச் சாவு வழக்கு. கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரு பெண் தீக்காயத்தில் இறந்துபோயிருந்தாள். புருஷன் அடி அண்ணாமலைக்காரன், வேன் ஓட்டுகிறவன். கிரிவலப் பாதையில் ஒரு கூல்டிரிங்க்ஸ் கடையும் இருந்தது. அவன் கூண்டில் நின்றான். மாதத்துக்கு ஒன்று என்று அதே மாதிரி எழுதியிருந்ததால் பாதி செய்தியை முன்னாலேயே எழுதி வைத்திருந்தேன். அரசுத் தரப்பில் முதல் சாட்சியைக் கூப்பிட்டார்கள். கதவோரத்திலிருந்து அந்த அம்மா நடந்து வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். தோளில் ஊசி இல்லை.

இறந்துபோனது அவருடைய ஒரே மகள்.

அரசு வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். "ஆஸ்பத்திரியில உங்க மகளப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

அரசு வக்கீல் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "நல்லா யோசிச்சிச் சொல்லுங்கம்மா. 'அவருதான் மண்ணெண்ணெய ஊத்தினாரு'ன்னு உங்க மக உங்ககிட்ட சொன்னதா போலீஸ்ல வாக்குமூலம் குடுத்திருக்கீங்களே?"

"அவங்க எழுதிக்கினாங்க. நான் கையெழுத்து போட்டேன். அப்ப எனக்குப் படிக்கற நெலம இல்லீங்க."

"உங்க மக பேசவே இல்லயா?"

"பேசற மாதிரி இல்லீங்க. என் கட்ட வெரல புடிச்சிக்கினா. அப்புறம் விட்டுட்டா."

அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்து, சாட்சியைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மா இறங்கி வந்தார். புருஷன்காரன் கூண்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர்தான் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்று பிறகு தெரிந்தது.

நான் பூத்துக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'மகள் சாவு வழக்கில் தாய் பிறழ் சாட்சி' என்று தலைப்பையும் நானே சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் உறுத்துகிறது.

மறுநாள் பதினொன்றரைக்கு வந்தார். கையில் பேப்பர்.

"பிறழ் சாட்சின்னா இன்னா சார்?"

"முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு, கோர்ட்டுல மாத்திச் சொல்றது."

"நான் முன்னாடி சொல்லவே இல்லயே சார்."

"வாக்குமூலத்துல இருக்கும்மா. சட்டத்துல அப்படித்தான் சொல்லுவாங்க."

தலையை ஆட்டினார். நின்றுகொண்டே இருந்தார். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "நீங்க என்ன நெனைக்கறீங்கம்மா? அவன்தானா?"

"அவன்தான் சார். எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்னீங்க? ஒரு வார்த்தை. 'மக சொன்னா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"அவ சொல்லலயே" என்றார். "அவ சொல்லாதத சொன்னான்னு சொன்னா, அவ கடைசியா செஞ்சது இல்லன்னு ஆயிடும் சார். அவ வெரல புடிச்சா. அத நான் வேற எதுக்காகவும் மாத்த மாட்டேன்."

வேறு சாட்சிகள் பலமாக இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விடுதலை செய்தார்கள். ஊரில் அந்த அம்மா விலை போய்விட்டதாகப் பேசினார்கள். சொந்தக்காரர்கள் வாசல் மிதிப்பதை நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். "ஆக்கி வெச்சிட்டு வரேன், சாப்பிடறாரு. தட்டக் கழுவி வெக்கறாரு. பேச மாட்டேங்கறாரு" என்று, வேறு ஒருவர் வீட்டு விஷயம் மாதிரி, ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

கட்டு தைப்பதை அவர் விடவில்லை. எனக்குச் செய்தி சொல்வதையும் விடவில்லை. அடுத்த வாரமே வந்து, "ரெண்டாவது கோர்ட்டுல ஒண்ணு பாத்தேன் சார்" என்று ஆரம்பித்தார். ஏன் இன்னும் அங்கே போய் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

ஆறு வருடம் அப்படியே ஓடியது. ஊர் பெருத்தது. வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்களும் புது வீடுகளும் வந்தன. பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தியானது. கிரிவலப் பாதையில் கை அகல இடத்துக்கும் கடைக்காரர்களுக்குள் தகராறு. அடி அண்ணாமலையில் அப்படி ஒரு தகராறில், ஒரு கடைக்காரரை யாரோ கத்தியால் குத்திவிட்டார்கள். குத்துப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரன்தான் குத்தினான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். பக்கத்துக் கடைக்காரன் என்பது அந்த அம்மாவின் மருமகன்தான். பிடித்து உள்ளே வைத்தார்கள். கொலை முயற்சி வழக்கு.

செய்தி வந்த அன்றைக்கு மதியமே அந்த அம்மா வந்தார். வழக்கமாக நின்றுதான் பேசுவார். அன்றைக்குப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு எழுதணும்."

அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பேனாவைத் திறந்தேன்.

"குத்து நடந்தது வியாழக்கெழம காலைல பத்து மணிக்குன்னு போட்டிருக்காங்க. வியாழக்கெழம பத்து மணிக்கு அவன் அங்க இல்ல. கீழ்பென்னாத்தூர் மண்டியில இருந்தான். நாங்க மல்லாட்ட மூட்ட போடப் போயிருந்தோம். ஏல மணி அடிச்சப்ப அவன் வேன் மேல நின்னுக்கினு மூட்ட எறக்கிக்கினு இருந்தான். ஊதாக் கட்டம் போட்ட சட்ட. மூணாவது பட்டன் இல்ல. ஏலம் முடியற வரிக்கும் அங்கதான் இருந்தான்."

"அவன் உங்களப் பாத்தானா?"

"இல்ல."

"உங்க வீட்டுக்காரரு கூட இருந்தாரா?"

"இருந்தாரு." ரோட்டைப் பார்த்தார். "இன்னிக்குக் காலைல பேப்பர் பாத்துட்டு என்கிட்ட பேசினாரு சார். ஆறு வருஷத்துக்கப்புறம் மொதப் பேச்சு. 'நீ பாக்கல, தெரிதா?'ன்னாரு."

நான் பேனாவை மூடினேன். "அவரு சொல்றது சரிதாம்மா. அந்த கேஸ்ல தப்பிச்சான். இதுல உள்ள போகட்டும். சாமியே பாத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. நீங்க பேசாம இருந்தா போதும், ஒரு பொய்யும் சொல்ல வேணாம்."

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். வழியெல்லாம் பஸ்ல நெனச்சிக்கினே வந்தேன்." புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அங்கயே மூஞ்சத் திருப்பிக்கினு போயிருந்தா ஆயிருக்கும். பாத்துட்டேன் சார்."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதவில்லை. குறிப்பு எடுத்த தாளை டைரிக்குள் வைத்து மூடினேன். ஒரு வாரம் அவர் தினமும் டீக்கடையில் பேப்பரை வாங்கி, கடைசிப் பக்கம் வரை புரட்டி, மடித்து வைத்துவிட்டுப் போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் நாள் தானே எழுந்துபோய் மருமகனின் வக்கீலைப் பார்த்தார். பல வருடமாக அவருக்குக் கட்டு தைத்துக் கொடுக்கிறவர்தான் இந்த அம்மா. அந்த வக்கீல் என்னிடம் வந்து, "எதுனா பொறி வெக்கறாங்களா சார் இந்தம்மா?" என்று கேட்டார்.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருடம் ஆனது. அந்த அம்மா மறுபடியும் கூண்டில் ஏறினார். இந்தத் தடவை அவனுக்கான சாட்சி. வேர்க்கடலை மண்டி, ஏல மணி, சட்டை, பட்டன், எல்லாம் என்னிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னார். இப்போது வேறு அரசு வக்கீல். பழைய கட்டையும் எடுத்துப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"ஏம்மா, உங்க மக செத்த கேஸ்லயும் இந்த ஆளுக்குச் சாதகமாத்தான் சாட்சி சொன்னீங்க. இப்பவும் அப்படித்தான் சொல்றீங்க. இவரு மேல உங்களுக்கு அவ்ளோ பாசமா?"

"பாசமெல்லாம் இல்லீங்க."

"அப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?"

"பாத்தேங்க. அதான்."

"உங்க வீட்டுக்காரரும் மண்டியிலதான இருந்தாரு? அவரும் பாத்தாரா?"

முதல் தடவையாக அந்த அம்மா தயங்கினார். வீட்டுக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் அந்த அம்மா திரும்பவில்லை.

"அவரு பாத்தாரா இல்லயான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் பாத்தது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

நீதிபதி எழுதிக்கொண்டார். மண்டியிலிருந்து எடை போடுகிற ஆளும் வந்து, அவன் அன்றைக்கு அங்கே இருந்தான் என்று சொன்னான். கிழிக்க முடியாத சாட்சி என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். மாதக் கடைசியில் தீர்ப்பு. விடுதலை. நம்பத்தகுந்த சாட்சி என்று அந்த அம்மாவைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அவன் சொந்தக்காரர்கள் நடுவே வேனில் ஏறிப் போய்விட்டான். அவர் இருந்த பக்கம் வரவே இல்லை. வீட்டுக்காரர் அன்றைக்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று நான் பூத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மகளைப் பறிகொடுத்த மாமியார் மருமகனைக் காப்பாற்றினார் என்று சொன்னால் டெஸ்க்கில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். 'மன்னித்த தெய்வம்' என்று தலைப்புப் போட்டு, படம் கேட்டு ஆள் அனுப்புவார்கள். அவர் யாரையும் மன்னிக்கவில்லை. அதனால் உறவைச் சொல்லாமல் விட்டேன். 'மண்டிக்கு வந்திருந்த பெண் ஒருவர் சாட்சியளித்தார்' என்று மட்டும் சொன்னேன். நான்கு வரிச் செய்தியாக உள்பக்கத்தில் வந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் வந்தார்.

"என்ன விட்டுட்டீங்களே சார்."

"உங்களுக்காகத்தாம்மா. பேரு, உறவு எல்லாம் போட்டா திரும்ப ஊர்ல பேசுவாங்க."

"பேசட்டும் சார். யாரோ ஒரு பொம்பள வழியில போறப்ப பாத்துட்டுச் சொன்ன மாதிரி இருக்குது இது. சொன்னது அவ அம்மா. அது இல்லன்னா இதுல இன்னா இருக்குது?"

மடித்த பேப்பரைப் பெஞ்சில் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எனக்குச் செய்தி எதுவும் கொண்டுவரவில்லை. பார்த்தால் தலையசைப்பார். நானும் அசைப்பேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். சென்னைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்ப அந்த ஜெராக்ஸ் கடையில் காத்திருந்தேன். மருமகன் உள்ளே வந்தான். வேன் பர்மிட் விஷயமாகத் தீர்ப்பு நகலைக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கடை மெஷின் ரிப்பேர் என்பதால் இங்கே வந்திருக்கிறான். மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நகலெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் பார்த்தான். கடைக்காரர் விவரம் தெரியாமல், "அம்மாகிட்ட குடுங்க, தெச்சித் தருவாங்க" என்றுவிட்டார்.

அவன் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வாங்கி, முனை தட்டி, துளை போட்டார். ஊசியில் நூல் கோத்தார். முதல் துளையில் இழுக்கும்போது, தலை நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சி?"

"என்னிக்கு அத்த?"

"அவ தீப்புடிச்ச அன்னிக்கு. நான் அங்க இல்ல. நீ இருந்த. கேஸெல்லாம் முடிஞ்சி போச்சி, இனிமே உன்ன யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீ பாத்தத சொல்லு."

ஜெராக்ஸ் மெஷினில் வேறு யாருடைய காகிதமோ ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவன் என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். உதடு ஒரு தடவை பிரிந்தது. சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"ஞாபகம் இல்ல அத்த" என்றான்.

அவர் இரண்டாம் துளையையும் மூன்றாம் துளையையும் தைத்தார். முடிச்சுப் போட்டு நூலை வெட்டினார். கட்டை அவன் கையில் கொடுத்தார்.

"ஞாபகம் வந்தா வந்து சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்."

அவன் அதை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே போனான். ஃபேக்ஸ் போய்விட்டது என்று கடைக்காரர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் அந்த ஊரில் இருந்தேன். அந்த அம்மா ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. காய்ச்சலென்றாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். கடையில் கம்ப்யூட்டர் வந்தது, முதலாளி மாறினார், அவர் அதே மூலையில் இருந்தார். மருமகனின் வேன் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்தத் தெரு வழியாகப் போகும். கடை நெருங்கும்போது கொஞ்சம் வேகம் எடுக்கும். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தைப்பதை நிறுத்தி, நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார். வேன் கடந்து போனதும் மறுபடி குனிந்து, விட்ட துளையிலிருந்து தைப்பார்.